இடுப்பளவுத் தண்ணீர்

சொர்ணம்மாள் தன் மருமகனோடு பேசி எட்டு வருஷம் ஆகிவிட்டது. பேசுவதில்லை என்றதும் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த வாய் திறக்காவிட்டால் புளியடிவிளைக்குப் பொழுதே விடியாது. அவனுக்குச் சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லிவிடுவாள். முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டாள், அவ்வளவுதான். பக்கத்தில் ராஜபாய் நின்றால் ராஜபாயிடம் சொல்லுவாள். யாரும் இல்லாவிட்டால் தலையில் இருக்கிற ஓலைக் கடவத்திடம் சொல்லுவாள்.

“ஏட்டி ராஜபாய், மேஸ்திரிக்குக் கண்ணு தெரியுமான்னு கேளு. இந்தப் பக்கம் மண்ணு குவிஞ்சு கெடக்கு, அந்தப் பக்கம் பள்ளமா கெடக்கு.”

மேஸ்திரி தாணுலிங்கம்தான் அந்த மருமகன். இரண்டடி தள்ளித்தான் நிற்பான். அவனும் ராஜபாயைப் பார்த்தே பதில் சொல்லுவான்.

“மாமிகிட்ட சொல்லுங்க அக்கா, அடுத்த நடை அந்தப் பள்ளத்துக்குத்தான்னு.”

“நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் அஞ்சல்காரியா?” என்பாள் ராஜபாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவள். இவர்களைச் சேர்த்துவைக்க ஜெபம் பண்ணிப் பார்த்தாள், புத்தி சொல்லிப் பார்த்தாள். இரண்டும் பலிக்காததால் அஞ்சல் வேலையையே ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தாள்.

அது கொல்லம் ஆயிரத்து நூற்று முப்பதாம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்குக்கு 1955. மாசியில் கும்பப்பூ அறுப்பு முடிந்து, போரடித்து, வைக்கோலும் ஏற்றியாகிவிட்டால் பிறகு அடுத்த நடவு வரைக்கும் ஊரில் கைக்கு வேலை கிடையாது. அந்த வருஷம் சர்க்காருக்கு என்ன தோன்றியதோ, ரோட்டு வேலை கொடுத்தது. புளியடிவிளையிலிருந்து இரணியல் பக்கம் போகிற ரோடு ஒன்றரை மைல் தூரம் வயல்களுக்கு நடுவே கிடந்தது. பேர்தான் ரோடு. வைகாசியில் இடவப்பாதி மழை பிடித்தால் வயல் எது, ரோடு எது என்று தவளைக்குத்தான் தெரியும். அதை ஊர்க்காரர்களே மண் போட்டு உயர்த்தவேண்டும், செய்கிறவர்களுக்கு நாள்கூலி என்று உத்தரவு. ஆண்கள் குளத்தில் மண் வெட்டினார்கள். பெண்கள் கடவத்தில் சுமந்துவந்து தட்டினார்கள். நாலு பேர் திமிசுக்கட்டையைத் தூக்கித் தூக்கிப் போட்டு மண்ணை இறுக்கினார்கள். ஐம்பது வயசான சொர்ணம்மாள் இருபது வயசுக்காரிகளைவிட ஒரு நடை அதிகமாகவே நடந்தாள். எல்லாரையும் போல அவளும் கூலிக்குத்தான் வந்தாள் என்றாலும் அந்த ரோட்டோடு அவளுக்கு ஒரு பழைய வழக்கு இருந்தது.

வழக்கு நடந்த இடத்தில் ஒரு சுமைதாங்கி நின்றது. ஆள் கழுத்து உயரத்துக்கு இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் குறுக்காக ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு போகிறவர்கள் யாருடைய கையும் உதவாமல் தாங்களே சுமையை அதன்மேல் சாய்த்து இறக்கிவைக்கலாம். மூச்சு வாங்கியபின் அப்படியே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனவளுக்காக வைக்கிற கல் அது. வழிப்போக்கன் ஒருவன் சுமையை இறக்கும்போதெல்லாம் செத்தவளின் பாரமும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை. கல்லின் முகப்பில் ‘முத்துக்கனி’ என்று வெட்டியிருந்தது. முத்துக்கனி சொர்ணம்மாளுக்கு ஒரே மகள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆனி மாதத்தில் முத்துக்கனிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டது. வில்வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். மூன்று நாள் விடாத மழை. சரியாக அந்த இடத்தில் வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. தாணுலிங்கம் ஒரு சக்கரத்தைத் தூக்க, சொர்ணம்மாள் மறு சக்கரத்தைத் தூக்க, மாடுகள் நுரை தள்ளினவே தவிர வண்டி நகரவில்லை. குலுங்கியபோதெல்லாம் உள்ளே இருந்தவள் கத்தினாள்.

“அம்மா, குலுக்கம் தாங்கல்ல. என்னை எறக்கி எங்கயாச்சும் கொஞ்சம் இருக்க விடும்மா.”

எங்கே இருக்கவைப்பது? கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். உட்கார ஒரு சாண் காய்ந்த தரை இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு, வண்டி நின்ற இடத்திலேயே, அவள் குரல் நின்றது. பெற்றவள் ஆயிரம் பேச்சு பேசி வளர்த்திருப்பாள், மகளும் ஆயிரம் கேட்டிருப்பாள்; மிஞ்சியது அந்த ஒரு பேச்சுதான். அரிசி களையும்போதும் அது சொர்ணம்மாளின் காதில் கேட்டது.

தாணுலிங்கம்தான் கல்தச்சர்கள் ஊரான மயிலாடிக்குப் போய்க் கல் சொல்லி, வண்டி வைத்துக் கொண்டுவந்து நட்டான். நட்ட வருஷம் முடிந்ததும் பகவதியைக் கட்டிக்கொண்டான். ஆம்பிளை எத்தனை நாள்தான் தனியே பொங்கித் தின்பான் என்று ஊர் நியாயம் பேசியது. சொர்ணம்மாள் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அவனோடு பேச்சைத்தான் நிறுத்தினாள்.

பகவதிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போயின. உடனே ஊர் வாய் வேறு பக்கம் திரும்பியது. மூத்தவள் கல்லில் இருந்துகொண்டு பார்க்கிறாள், இளையவளைப் பெறவிடமாட்டாள் என்றார்கள். அதுமுதல் பகவதி அந்தக் கல்லுக்கு இருபதடி முன்னாலேயே ரோட்டைவிட்டு வயலில் இறங்கி, வரப்பில் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறுவாள். சொர்ணம்மாள் பலமுறை அதைப் பார்த்திருக்கிறாள். எனக்க மகள் அப்படிப்பட்டவ இல்ல என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகளை நினைத்து இன்னொருத்தி பயப்படுவதில் அவளுக்கு ஒரு மூலையில் திருப்தி இருந்தது. அது நல்ல திருப்தி இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ரோட்டு வேலை தொடங்கிய அன்று ஓவர்சியர் ரசலையன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். சுமைதாங்கிப் பக்கம்தான் ரோட்டிலேயே தாழ்வான இடம்.

“மழைக்காலத்துல இங்க தண்ணி எவ்வளவு நிக்கும்?” என்று கேட்டார்.

“முட்டளவு சார்” என்றார்கள் ஆண்கள்.

சொர்ணம்மாளுக்குச் சுருக்கென்று ஏறியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கல்தூணில் தன் இடுப்புக்கு நேராக ஓங்கி ஓர் அடி அடித்தாள். “முட்டளவா? ஆரு சொன்னது? இன்னா, இம்புட்டு நிக்கும். நான் நின்னு பாத்தவ சார். எனக்க மொவ போன தண்ணி இது. எனக்குத் தெரியாதா?”

அந்தக் குரலுக்கு மேல் யார் பேசுவது? ஓவர்சியர் தூணில் அவள் கைபட்ட இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். தண்ணீர் அந்தக் கோடு என்றால் ரோடு அதற்கு மேல் அரையடி என்று கணக்குப் போட்டு, அந்த உயரத்துக்கு இரு பக்கமும் முளை அடித்துக் கயிறு கட்டச் சொன்னார். சொர்ணம்மாளுக்கு ஒரு வழக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

மண் ஏறத் தொடங்கியது. சுமை கொண்டுவந்த பெண்கள் முதல் வாரம் கடவத்தைச் சுமைதாங்கியில் சாய்த்து மூச்சு வாங்கினார்கள். எத்தனை கடவம் அதன்மேல் இறங்குகிறது என்று பார்க்கப் பார்க்க சொர்ணம்மாளுக்கு மனசு குளிர்ந்தது. அடுத்த வாரம் கல் நெஞ்சுக்கு வந்தது. அதற்கடுத்த வாரம் கடவத்தை இறக்க முதுகை வளைக்கவேண்டியிருந்தது. பிறகு யாரும் அதில் இறக்குவதில்லை. வளைந்து இறக்குவதற்குத் தரையிலேயே தட்டிவிடலாமே.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவள் மகள் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள், அதுவும் கூலி வாங்கிக்கொண்டு.

அன்று முதல் கல்லைச் சுற்றி மட்டும் அவள் மண் தட்டவில்லை. அவள் தட்டாத இடத்தில் மற்றவர்களும் தட்டப் பயந்தார்கள். ரோடு இரு பக்கமும் உயர, கல் நின்ற இடம் மட்டும் கிணறு போலப் பள்ளமாக நின்றது. தாணுலிங்கம் இரண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள் ராஜபாயைத் தேடி வந்தான்.

“அக்கா, மாமிகிட்ட சொல்லுங்க. இதுல தண்ணி கெட்டினா ரோடு முழுக்க இளகிப்போவும். வண்டி மறுபடியும் இங்கதான் எறங்கும்.”

“கேளுட்டி, அப்பம் எனக்க மொவளுக்க கல்லை மண்ணுல பொதைக்கவா நான் சொமந்தேன்?”

“ரோடு சரியாச்சுன்னா காளவண்டி வரும், பஸ்ஸே வரும். பொறவு ஆரு தலைச்சொமையோட வருவான்? சொமைதாங்கிக்கு வேலையே இருக்காது அக்கா.”

சொன்ன பிறகுதான் தாணுலிங்கத்துக்குத் தான் சொன்னது என்னவென்று தெரிந்தது. சொர்ணம்மாள் கடவத்தைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. அவள் பேசாமல் நிற்பதைக் கண்டு ராஜபாயே பயந்துபோனாள்.

அவள் கடவத்தோடு விலகி நடந்தாள். நடந்த வேகத்தில், இடிக்காத புதுமண்ணில் கால் வைத்துவிட்டாள். இரண்டு காலும் முழங்கால் வரைக்கும் இறங்கின. கடவம் ஒரு பக்கம் சாய, அவள் கை தரையைப் பிடிக்கப் போயிற்று. தரை அவள் இடுப்புக்குப் பாதி வழி ஏறி வந்திருந்தது.

அப்படியே நின்றாள். அன்றைக்கும் இப்படித்தான் நின்றாள். சக்கரத்தைத் தூக்கும்போது கால் இரண்டும் முட்டு வரைக்கும் சேற்றில் புதைந்திருந்தன. இடுப்பளவுத் தண்ணீர் என்று ஒன்பது வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி தண்ணீர், பாதி அவள் புதைந்து நின்ற ஆழம். ஆண்கள் சொன்ன முட்டளவுதான் சரி.

ஓவர்சியரிடம் போய் உண்மையைச் சொன்னால் கயிற்றை ஒன்றரை அடி இறக்குவார். கல் இடுப்புயரத்துக்காவது நிற்கும். அன்று சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டபோது அவள் எழுந்தும்விட்டாள். ஆனால் ரசலையன் பக்கத்தில் வந்ததும் வேறு ஒன்று தோன்றியது. இந்தக் கயிற்றின் உயரத்துக்கு ரோடு அன்றைக்கு இருந்திருந்தால் வண்டி நிற்காமல் போயிருக்கும். எந்த மழைக்கும் போயிருக்கும். இதைக் குறைக்கச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

“சார், ரோடு இப்படியே இருக்கட்டும். கல்லைத் தூக்கி மேல நடணும்” என்றாள்.

ரசலையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மா, எஸ்டிமேட்டுல கல்லுக்கு எடம் இல்ல. நீங்களே நட்டா நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன். ஆனா இடவப்பாதிக்கு முன்னால இந்த எடம் முடியணும்.”

இரண்டு வாரம் கழித்து, காலையில் மயிலாடியிலிருந்து ஒரு கட்டைவண்டி வந்தது. அதில் இரண்டு நெடிய கல்தூண்கள் கிடந்தன. யார் சொல்லி வந்தது என்று சொர்ணம்மாள் கேட்கவில்லை. தாணுலிங்கம் தூணின் நீளத்தைச் சாணால் அளந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னாலும் அவன் அப்படித்தான் அளந்தான். அதற்காக அவள் பேசிவிடவில்லை.

பள்ளத்தையும் மண் தட்டி நிரப்பியாகிவிட்டது. பழைய பலகைக்கல் இப்போது ரோட்டுக்கு மேலே முழங்கால் உயரத்தில் இருந்தது. மத்தியானக் கஞ்சி குடித்ததும் வடம் போட்டு அதைத் தூக்குவது, புதுத் தூண்களை நட்டு அதன்மேல் ஏற்றுவது என்று பேச்சு. வடமும் கடப்பாரையும் எட்டு ஆண்களும் தயாராக நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் பகவதி தாணுலிங்கத்துக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். அவளுக்கு மறுபடியும் எட்டாம் மாதம். வழக்கம்போலக் கல்லுக்கு இருபதடி முன்னால் நின்று கீழே பார்த்தாள். ரோடு இப்போது வயலைவிட ஓர் ஆள் பாதி உயரத்தில் இருந்தது. இறங்க வழியில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு, ரோட்டின் மறு ஓரமாக, கல்லைப் பார்க்காமல், முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு வேகமாக நடந்தாள். அந்த வேகம்தான் அவளைக் கவிழ்த்தது. கல்லுக்கு நேரே வந்தபோது கண் இருட்டி, கால் இந்தப் பக்கம் தள்ளாடியது. பானையை எப்படியோ கீழே வைத்தாள். கை எதையோ தேடியது. கைக்குப் பட்டது அந்தக் கல். அதிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திமிசுக்கட்டை நின்றது. மண் வெட்டுகிற சத்தம் நின்றது.

“ஏட்டி, எந்திரி!” என்று தாணுலிங்கம் கத்தினான். “எங்க இருக்கேன்னு பாத்தியா? எந்திரிட்டி!”

பகவதி கையை ஊன்றிப் பார்த்தாள். கால் ஒத்துழைக்கவில்லை. சொர்ணம்மாள் கடவத்தைக் கீழே போட்டுவிட்டு வருவதைப் பார்த்ததும் அவள் இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டாள்.

“மாமி, தெரியாம இருந்திட்டேன். கண்ணு இருட்டிட்டு. இப்பம் எந்திரிச்சிடுதேன் மாமி. இதை மட்டும் ஒண்ணும் செய்யாண்டாம்னு முத்துக்கனி அக்காகிட்ட சொல்லுங்க.”

எட்டு வருஷத்தில் பகவதி அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். சொர்ணம்மாள் வந்த வேகத்தில் ஏதோ சொல்லத்தான் வந்தாள். என்ன சொல்ல வந்தாள் என்று பிறகு ராஜபாய் எத்தனை முறை கேட்டும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அவள் பார்த்தது ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதை. அதே இடத்தில்தான் ஒருத்தி கொஞ்சம் உட்காரக் கேட்டாள். அன்றைக்குத் தண்ணீருக்கு மேலே இப்படி ஒரு கல், இந்த உயரத்தில், ஒரு முழம் இருந்திருந்தால் போதும்.

பகவதி எழுந்திருக்கப் பார்த்தாள். சொர்ணம்மாள் அவள் தோளை அமுக்கி உட்காரவைத்தாள்.

“இரு மக்கா” என்றாள். “மூச்சு வரட்டும். அவ ஒன்னை ஒண்ணும் செய்யமாட்டா. எனக்க மொவ பிள்ளைதின்னி ஒண்ணும் இல்ல. இதை நான் முன்னமே சொல்லியிருக்கணும். சொல்லாதது எனக்க குத்தம்.”

பகவதி அழுதாள். சொர்ணம்மாள் தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை அவிழ்த்து உதறி அவள் முகத்தைத் துடைத்தாள். துணியிலிருந்த மண் முகமெல்லாம் ஆயிற்று. பிறகு திரும்பிக் கூப்பிட்டாள்.

“மருமவனே.”

தாணுலிங்கம் பழக்கதோஷத்தில் ராஜபாயைப் பார்த்தான்.

“அவளை என்ன பாக்கிய? உங்களைத்தான் விளிச்சேன். கல்லை எடுக்காண்டாம். இந்த ஒயரத்துல நிக்கட்டும்.”

“மாமி, தலைச்சொமை எறக்க முடியாதே.”

“வயித்துச் சொமையோட வாறவ இருப்பா. அது போதும்.”

“மயிலாடிக் கல்லு?”

“மடைக்குப் போடுங்க. கஞ்சி ஆறுதுல்லா, குடிச்சிட்டு வேலையப் பாருங்க.”

எட்டு வருஷம் சேர்த்துவைத்த பேச்சு கஞ்சியில் போய் முடிந்தது. ராஜபாய் சேலைத்தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டு, தன் அஞ்சல் உத்தியோகம் போய்விட்டதென்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். ஆண்கள் வடத்தைச் சுருட்டினார்கள். கல்லைச் சுற்றி மிச்சமிருந்த மண்ணைச் சொர்ணம்மாளே காலால் மிதித்து இறுக்கினாள்.

அந்த வருஷம் இடவப்பாதி சொன்ன நாளில் பிடித்தது. தண்ணீர் பழைய ரோட்டின் மட்டத்துக்கு மேலே முட்டளவுதான் நின்றது. அவள் சொன்ன கோட்டுக்கு வரவே இல்லை. யாருக்கும் வேண்டாத ஒன்றரை அடி மண்ணைக் கிழவி சுமக்கவைத்துவிட்டாள் என்று ஆண்கள் கேலி செய்தார்கள். அதுக்கும் சேர்த்துத்தானல கூலி வாங்கினீங்க என்று அவள் திருப்பிக் கொடுத்தாள்.

ஆனியில் ஒருநாள் காலை, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, பகவதிக்கு வலி கண்டது. வில்வண்டி கட்டினார்கள். தாணுலிங்கம் முன்னால் ஏறினான். சொர்ணம்மாளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே ஏறி உள்ளே உட்கார்ந்து பகவதியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இரு பக்கமும் கடலாகக் கிடந்தது. நடுவே ரோடு ஈரமாக மேலே நின்றது. கல் தெரிந்ததும் சொர்ணம்மாள் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

“மக்கா, கொஞ்சம் எறங்கி இருக்கணுமா?”

பகவதி கண்ணைத் திறந்து வெளியே பார்த்தாள். மழையில் கல் கழுவிவிட்டது போல இருந்தது.

“வேண்டாம் மாமி. வண்டி குலுங்கல்ல.”

சொர்ணம்மாள் வண்டியைப் போகச் சொன்னாள்.